ச ப ச க ப

காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் பழைய பித்தளை, செம்புச் சாமான்களை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. காதறுந்த அண்டாவுக்கும் தண்டு ஒடிந்த குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு பியூகிள் கிடந்தது. செம்பு உடம்பு, விளிம்பில் பித்தளைக் கட்டு. விரிந்த வாயில் ஒரு நசுங்கல். உதடு வைக்கும் மவுத்பீஸ் இல்லை. கடைக்காரர் தராசில் வைத்தார்; முக்கால் கிலோகூட வரவில்லை.

"பள்ளிக்கூடத்துச் சாமான் சார். மூட்டையா வந்துச்சு. டிரம்மெல்லாம் மரமும் தகரமுமா இருந்துச்சு, அதை நான் எடுக்கல" என்றார்.

எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் பியூகிள் ஊதியவன் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்று உதடு வீங்க ஊதிப் பழகியவன். எடைக்கான பணத்தைக் கொடுத்து, செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பியூகிளைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, அதில் விரல் வைக்க இடமே இல்லை என்பது. நாகஸ்வரத்தில் துளைகள் உண்டு. டிரம்பெட்டில் அழுத்துவதற்கு வால்வுகள் உண்டு. பியூகிளோ இரண்டு சுற்றுச் சுற்றிய வெறும் குழாய். நேராக நீட்டினால் ஏறக்குறைய நாலரை அடி. உதட்டை இறுக்குவதும் தளர்த்துவதும் மட்டுமே வித்தை. தளர்ந்த உதட்டுக்கு ஒரு சுரம் பேசும். இறுக்க இறுக்க அடுத்த சுரத்துக்குப் படி தாண்டுவதுபோலத் துள்ளி ஏறும். நடுவில் கமகத்துக்கு இடமில்லை, இடைச் சுரங்களும் இல்லை. பயன்படுவது மொத்தம் ஐந்து. நம் கணக்கில் எழுதினால் ச, ப, மேல் ச, க, ப. எழுந்திரு, சாப்பிட வா, அணிவகு, பின்வாங்கு, விளக்கை அணை என்று ஒரு படையை நாள் முழுவதும் நடத்துகிற அழைப்புகள் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

அதில் வரும் காந்தாரம், அந்தர காந்தாரம். தம்புராவின் நான்கு தந்திகளும் சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாக எழுந்து கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்திக்குள் ஒளிந்திருக்கும் அதே காந்தாரம்தான் குழாய்க்குள் அடைபட்ட காற்றிலும் இருக்கிறது. அடிப்படை அதிர்வின் ஐந்தாம் மடங்கு அது. பள்ளியில் ஊதிய காலத்தில் இது எனக்குத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு கச்சேரியில், பாடகர் வருவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தபோது, நான் மைதானத்தில் தேடிய சுரம் அங்கே யாரும் தேடாமலே கேட்டது. அந்த ஆச்சரியம் இன்றைக்கும் அடங்கவில்லை.

திருச்சியில் பல காலம் விடியல் இரண்டு விதமாக நடந்தது. காவிரிக்கு வடக்கே, ஸ்ரீரங்கத்தில், விஸ்வரூப சேவைக்குப் பசுவும் யானையும் வந்து நிற்க, அரங்கனை எழுப்ப வீணை வாசிப்பார்கள். இரவில் நடை சாத்தும்போது தூங்கவைப்பதற்கும் வீணைதான்; வீணை ஏகாந்தம் என்று அதற்குப் பெயர். காவிரிக்குத் தெற்கே, கண்டோன்மெண்டில், சிப்பாயை எழுப்ப 'ரெவெலி', நாளை முடிக்க 'லாஸ்ட் போஸ்ட்'. ரெவெலி என்பது 'எழுந்திருங்கள்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பள்ளியெழுச்சி என்று மொழிபெயர்த்தால் ஒரு குறையும் வராது.

தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குப் பாடிய திருப்பள்ளியெழுச்சியில் வாத்தியங்களை வரிசையாக அடுக்கும் பாசுரம் ஒன்று உண்டு. முழவும் தண்ணுமையும் மத்தளியும் எக்கமும் யாழும் குழலும் அதில் வருகின்றன. கொம்பும் எக்காளமும் அந்த வரிசையில் இல்லை. அவை தெருவுக்கும் போருக்கும் உரியவை, துயில் எழுப்பும் வேலைக்கு ஆகாதவை என்று ஆழ்வார் விட்டிருப்பார் என்பது என் ஊகம். படை வேறு மாதிரி நினைத்தது. தூங்குகிறவனை எழுப்ப அது கொம்பைத்தான் எடுத்தது.

கொம்பும் முரசும் இந்த ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கியவை அல்ல. சோழர் தலைநகராக இருந்த உறையூர் இன்று திருச்சியின் ஒரு பேட்டை. ஆட்டோவில் பத்து நிமிடம். சங்ககால அரசனுக்கு வீரமுரசு, தியாகமுரசு, நியாயமுரசு என்று மூன்று. பகைவனின் காவல்மரத்தை வெட்டி, அந்த மரத்திலேயே முரசு செய்வது வெற்றிக்கு அடையாளம். முரசை நீராட்டுவார்கள், மாலை சூட்டுவார்கள், அது உட்காரத் தனிக் கட்டில் உண்டு. புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு அந்தக் கட்டிலைப் பற்றியது. களைத்து வந்த மோசிகீரனார் அது முரசுகட்டில் என்று அறியாமல் ஏறித் தூங்கிவிட்டார். வெட்டியிருக்க வேண்டிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, விசிறி எடுத்து வீசிக்கொண்டு நின்றான். முரசின் மேல் இருந்த பயபக்தியை விளக்க இதைவிட வேறு கதை வேண்டாம்.

பிரிட்டிஷ் படையிலும் டிரம்முக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. படைப்பிரிவு வென்ற போர்களின் பெயர்களை டிரம்மின் வயிற்றில் தீட்டிவைப்பார்கள். களத்தில் பூசை செய்ய பீடம் இல்லாதபோது டிரம்களை அடுக்கி, மேலே கொடியைப் போர்த்தி, அதையே பீடமாக்கிக்கொள்வார்கள். மோசிகீரனார் அந்த அடுக்கின்மேல் தூங்கியிருந்தால் யார் விசிறியிருப்பார்களோ தெரியாது.

கோயிலில் பித்தளைக் குழலும் உண்டு. வைணவக் கோயில்களில் பெருமாள் புறப்படும்போது முன்னே ஒலிக்கும் திருச்சின்னத்தை, ஒரே ஆள் இரண்டு நீண்ட குழல்களைச் சேர்த்து வாயில் வைத்து ஊதுவார். காஞ்சிப் பேரருளாளனின் திருச்சின்ன ஒலிக்காகவே வேதாந்த தேசிகர் 'திருச்சின்னமாலை' என்று தனிப் பிரபந்தம் செய்தார். திருச்சின்னத்திலும் துளை இல்லை, வால்வு இல்லை. 'வருகிறார்' என்று சொல்வதே அதன் வேலை. பியூகிளுக்கு இந்த மண்ணில் ஒன்றுவிட்ட அண்ணன் ஏற்கெனவே இருந்தார் என்று நான் சொல்வேன்.

தம்பி வந்தது போரோடு. 1751-ல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலியும் இங்கிலீஷ் கம்பெனிப் படையும். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுவருடம் பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் பின்வாங்கியது. 1752 ஜூனில் அதன் தளபதி ஜாக் லா அங்கேயே சரணடைந்தார். 1753-ல் பொன்மலையடியில் சண்டை. இந்தச் சண்டைகளில் காலாட்படைக்குக் கட்டளை சொன்னது பெரும்பாலும் டிரம்தான், கூடவே ஃபைஃப் என்ற சிறு குழல். பியூகிள் அப்போது இன்னும் காட்டில் வேட்டைக்காரர் கையில் இருந்தது. 1758-ல் ஜெர்மானிய ஹானோவர் நாட்டுப் படை அதைப் பிறை வடிவத்தில் செய்து தோளில் மாட்டிக்கொண்டது. தோளோடு தோள் நிற்கும் வரிசைக்கு டிரம் போதும். புதரிலும் பள்ளத்திலும் சிதறி ஓடிச் சுடுகிற இலகு காலாட்படைக்குத் தூரம் போகும் ஒலி வேண்டியிருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதற்காகவே எடுத்துக்கொண்டார்கள். பியூகிள் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் இளங்காளை என்று பொருள். அதன் கொம்பில்தான் முதலில் ஊதினார்கள். தமிழில் நாம் கொம்பு என்று வைத்த பெயர் அந்த மாட்டை இன்னும் மறக்கவில்லை.

1801-ல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தபின் திருச்சி பெரிய படைத்தளம் ஆனது. கோட்டைச் சுவர் பிற்பாடு இடிபட்டது. மிஞ்சியது மெயின்கார்டு கேட். இன்றைக்கும் கண்டக்டர்கள் அந்தக் காவல் வாயிலின் பெயரைச் சொல்லித்தான் ஆளை இறக்குகிறார்கள்.

அந்தத் தளத்தில் டிரம் அடித்த பையன்கள் யார் என்று பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. 1795-ல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர் படையில் சேர முடியாது; ஃபைஃப் ஊதலாம், டிரம் அடிக்கலாம், பேண்டில் வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். அவ்வளவுதான். ஆங்கிலேயத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளுக்குப் படை விட்டுவைத்த கதவு இதுதான். ஒரு சமூகத்தின் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு டிரம் குச்சியைக் கொடுத்தார்கள். அவர்கள் அந்தக் குச்சியை அவமானமாக எண்ணிக் கீழே போடவில்லை. பிறகு ரயில்வே வந்தது. பொன்மலைப் பணிமனை 1928-ல் வேலையைத் தொடங்கியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பொன்மலையிலும் கண்டோன்மெண்டிலும் நிறைந்தன. திருச்சியில் பேண்டு இசைக்கு இருந்த பிடிப்பில் அவர்கள் பங்கு பெரியது என்று நான் நம்புகிறேன்.

படையிலிருந்து அரண்மனைக்குப் போன வழியிலும் திருச்சி இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1762-ல் தரங்கம்பாடியிலிருந்து இங்கே வந்து, கோட்டைக்குள் படையினருக்காகக் கிறிஸ்து நாதர் ஆலயத்தை எழுப்பினார். 1766-ல் அது முடிந்தது. பிறகு தஞ்சாவூருக்குப் போனார். அங்கே அவர் வளர்த்துப் படிப்பித்த இளவரசர் சரபோஜி, 1798-ல் அரியணை ஏறியதும் அரண்மனையில் ஐரோப்பிய பாணியில் ஒரு பேண்டு வைத்தார். தஞ்சாவூர் பேண்டு என்று அது பேர் வாங்கியது. சென்னைப் பக்கம், மணலியில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டைப் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் கட்டினார். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' பிறந்தது அப்படித்தான். இன்றும் வீணை, வயலின் கற்கும் குழந்தைகளுக்கு நோட்டுஸ்வரம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அவை சங்கராபரணத்தில் நிற்பவை. பியூகிளின் ஐந்து சுரமும் சங்கராபரணத்தின் எலும்புக்கூடுதானே! படையின் காற்று தஞ்சையிலும் மணலியிலும் இசைவாணர்களின் காதுக்கு எட்டியபோது, அவர்கள் அதை அந்நியம் என்று தள்ளவில்லை. இன்ன ராகம் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள்.

நான் வாங்கிவந்த பியூகிளின் வளைவுக்கு உள்பக்கம் தேய்ந்த எழுத்தில் 'மீரட்' என்று இருந்தது. நாட்டில் ஊதுகிற பித்தளை வாத்தியங்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து மீரட்டில், ஜாலி கோட்டி என்ற தெருவை ஒட்டிய பட்டறைகளில் பிறப்பவை. படை பேண்டில் இருந்த நாதிர் அலி என்பவர் 1885-ல் ஆரம்பித்த கம்பெனி அங்கே இன்னும் இருக்கிறது. தகட்டை வெட்டி, உருட்டி, விளிம்பை ஒட்டவைத்து, இரும்புத் தண்டின்மேல் போட்டுத் தட்டிக் குழாயாக்குவார்கள். வளைக்கும்போது குழாய் நசுங்கக் கூடாது. அதற்காக உள்ளே கீலோ ஈயமோ உருக்கி ஊற்றி, இறுகியபின் வளைத்து, மறுபடி காய்ச்சி வடித்துவிடுவார்கள். விரிந்த வாய் தனியாகத் தேய்த்து எடுப்பது. வட இந்தியக் கல்யாண பேண்டுகளைப் பற்றி 'பிராஸ் பாஜா' என்ற நல்ல புத்தகத்தை 2005-ல் எழுதிய கிரகரி பூத், இந்தத் தொழிலையும் வாசிப்பவர்களையும் பொறுமையாகப் பின்தொடர்ந்திருக்கிறார். தமிழ்நாட்டு பேண்டு செட்டுக்கு அப்படி ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதே பியூகிளுக்கு அமெரிக்காவில் நேர்ந்தது வேறு கதை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் 1919-ல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ராணுவம் கழித்துப் போட்ட பியூகிளும் டிரம்மும் மலிவாகக் கிடைத்தன. சங்கக் கிளைகள் அவற்றை வாங்கி அணிகள் சேர்த்தன. 1921-ல் சங்கம் தேசிய அளவில் போட்டியும் வைத்தது. தேவாலயங்களும் சாரணர்களும் பிள்ளைகளை வைத்து அணி கட்டினார்கள். டிரம் அண்டு பியூகிள் கோர் என்று பெயர். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்து எழுந்து, விளையாட்டு மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தபடியே வாசிப்பார்கள். காலடியில் ஒரு தப்பு, டிரம்மில் ஒரு உருட்டல் பிசகு எல்லாவற்றுக்கும் நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள். 1972-ல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் தன் முதல் இறுதிப் போட்டியை நடத்தியது. இளைஞர் அணிகளின் உச்ச மேடை இன்றும் அதுதான்.

போட்டி என்று வந்தபின் ஐந்து சுரம் போதவில்லை. முதலில் ஒரு வால்வு வைத்தார்கள். 1977-ல் இரண்டு. 1990-ல் மூன்று. அதுவரை பியூகிள் ஐந்து கட்டைச் சுருதியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மிச்சம் இருந்தது. 2000-ல் அதுவும் போனது. 2004-ல் ஒலிபெருக்கி வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய ஆட்கள் கொதித்தார்கள், புதிய பிள்ளைகள் இன்னும் அற்புதமாக வாசித்தார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நியூஜெர்சியில் 1934-ல் ஒரு தேவாலயத்துப் பங்கில் ஹோலி நேம் கேடட்ஸ் என்று தொடங்கி, பிற்காலத்தில் பத்து முறை உலகப் பட்டம் வென்ற கேடட்ஸ் அணி 2024-ல் மூடப்பட்டது. தொண்ணூறு வருடம். அந்த அணியின் ஆரம்ப காலப் பையன் உயிரோடு வந்து கடைசி அணியைப் பார்த்திருந்தால், கையில் இருப்பது என்ன வாத்தியம் என்று கேட்டிருப்பான். போட்டியை உயிரோடு வைக்க அங்கே வாத்தியம் தன் உடம்பையே மாற்றிக்கொண்டது.

இங்கே உடம்பு மாறவில்லை. நம் ஆறரைக் கட்டை பியூகிள், விக்டோரியா காலத்துச் சிப்பாய் ஊதிய அதே இரண்டு சுற்றுக் குழாய்தான். அது பிழைத்த விதத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதற்கு எப்போதும் யாராவது ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். கொடியேற்ற ஒருவர், கைதிகளை எண்ண ஒருவர், போலீஸ் பயிற்சிக்கு ஒருவர், செத்தவருக்கு மரியாதை செய்ய ஒருவர். ஊதுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. சம்பளமும் ஒரு நேரக்கணக்கும் கிடைத்தன. நாளை காலை ஐந்தரைக்கு ஒருவன் ஊதியே ஆக வேண்டும் என்றால் அந்த வாத்தியத்தை யாராலும் கைவிட முடியாது. ஸ்ரீரங்கத்து வீணையும் அப்படி நின்றதுதான். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து அது வாசிக்கப்படவில்லை; நடை திறக்க வேண்டும், அதனால் வாசித்தார்கள்.

வேலை கொடுக்க ஆள் மாறியபோது தடுமாறியது பேண்டு செட். சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, தொப்பி. டிரம்பெட், கிளாரினெட், யூபோனியம், சைடு டிரம், வயிற்றில் கட்டிய பேஸ் டிரம். பறை அடித்த குடும்பங்களிலிருந்து பலரும், கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பலரும் இந்தக் கோட்டைப் போட்டார்கள். அதே கை, அதே தாளம். கோட்டு மாட்டியதும் தெருவில் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே பேண்டு செட்டை நான் மதிக்கிறேன். கல்யாண ஊர்வலம், பாலக்கரையில் தேவாலயத் தேர்ப்பவனி, சந்தனக்கூடு, சாவு என்று எல்லா வாசலுக்கும் போனார்கள். இப்போது திருச்சிக் கல்யாண மண்டப வாசலில் செண்டை மேளம் நிற்கிறது, இல்லையென்றால் டி.ஜே. வண்டி. செண்டைக்காரர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்களும் கையால் அடிக்கிறவர்கள்.

பேண்டிலிருந்து பிரிந்து போன ஒரு கிளை உச்சத்தைத் தொட்டதும் இந்த ஊரில்தான். தஞ்சாவூர் அரண்மனைப் பேண்டில் இருந்த கிளாரினெட்டை மகாதேவ நட்டுவனார் சதிர் மேளத்துக்குக் கொண்டுவந்தார். நூறு ஆண்டு போல அது பின்பாட்டு வாத்தியமாகவே இருந்தது. 1931-ல் பிறந்த திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை மேடை நடுவில் உட்காரவைத்தார். சாவிகள் வைத்து ஐரோப்பியர் கறாராகப் பிரித்த சுரங்களை அவர் விரலும் மூச்சும் ஒன்றோடு ஒன்று குழைத்தன. தோடியைக் கிளாரினெட்டில் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரைக் கொண்டாடினார்கள். 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. படை பேண்டில் ஒலித்த கருப்பு மரக்குழல், அவர் கையில் நாகஸ்வரத்தின் தம்பியாகவே பேசியது.

பியூகிளுக்கு அப்படி ஒரு மேதை வர முடியாது. ஐந்து சுரத்தில் தோடி இல்லை. அதன் அழகு வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பள்ளி மைதானத்தில்தான் கற்றேன். எங்கள் பேண்டு மாஸ்டர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதம் பியூகிளைத் தொடவே விடவில்லை. மவுத்பீஸை மட்டும் கையில் கொடுத்து, உதட்டை ஈ பறக்கிற மாதிரி அதிரவிடச் சொன்னார். சைடு டிரம் பையன்களுக்கு டிரம் கிடையாது. சிமெண்டுத் திண்ணையில் குச்சி. வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். எங்கள் தெருவில் இருந்த தவில் வித்வானிடம் நான் இதைச் சொல்லிக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டு, பூவரசங் குச்சியை எடுத்து அதே கணக்கைச் சொற்கட்டாக அடித்துக் காட்டினார். "எல்லாருக்கும் ரெண்டு கைதானேடா தம்பி. கணக்கு வேற எங்கேருந்து வரும்" என்றார்.

ஊதுகிறபோது தப்பை மறைக்க முடியாது. டிரம்மில் பத்துப் பேர் அடிக்கையில் ஒருவன் தப்பு கரைந்துவிடும். கொடி ஏறும் நேரத்தில் இரண்டாயிரம் பிள்ளைகள் மூச்சடக்கி நிற்க, பியூகிள் தனியாக நிற்கும். உதடு ஒரு நூல் பிசகினால் சுரம் உடையும். உடைந்தது மைதானம் முழுக்கத் தெரியும். அந்தப் பயத்தைத் தாண்டி ஊதிப் பழகிய பதினான்கு வயதுப் பையனுக்கு, பிறகு வாழ்க்கையில் மேடை ஏறுவது பெரிய விஷயமாக இருக்கவில்லை.

நான் படித்து முடித்துச் சில வருடத்தில் அந்த பேண்டு நின்றுபோனது. படிப்பு நேரம் கெடுகிறது என்று காரணம் சொன்னார்கள். வாத்தியங்கள் ஓர் அறையில் கிடந்தன. பிறகு அறையும் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. இந்தக் கதை ஒரு பள்ளியோடு முடிவதில்லை என்பது எடைக்கடைக்காரர் சொன்ன மூட்டையிலிருந்தே தெரிகிறது. ஒரு விஷயம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. குடியரசு தின விழாவை ஒட்டி மத்தியக் கல்வி, பாதுகாப்பு அமைச்சகங்கள் நடத்தும் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டி மாநிலம், மண்டலம், டெல்லி இறுதி என்று நடக்கிறது. பிராஸ் பேண்டு, பைப் பேண்டு. இரண்டிலும் ஆண்கள், பெண்கள் தனித்தனி. பியூகிளுக்குத் தனிப் பிரிவு இல்லை. அகில இந்தியக் காவல்துறை பேண்டுப் போட்டியில் பியூகிளுக்கு இடம் உண்டு. டிரம்மும் பியூகிளும் மட்டும் வாங்க வசதியுள்ள சின்னப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு பிரிவு திறந்தால் எத்தனை ஊர்களில் அந்த இருட்டறைகள் திறக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மலேசியாவில் நம் பிள்ளைகள் உருமி மேளத்தைக் குழுக்களாகக் கட்டி, போட்டி வைத்து, தைப்பூசத்துக்குத் தெருவையே அதிரவைக்கிறார்கள். போட்டிக்கும் வாத்தியத்தைக் காப்பாற்றத் தெரியும்.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கில் சீனப் படையிடம் உயிரிழந்த காவலர்களின் நினைவாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். திருச்சியிலும் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைப்பார்கள், துப்பாக்கிகள் வானை நோக்கிச் சுடும், பிறகு லாஸ்ட் போஸ்ட். ஒரு வருடம் நான் சாலையோரத்தில் நின்று கேட்டேன். ச வில் தொடங்கி ப வுக்கு ஏறி, மேலே க வில் போய் நின்றுவிட்டு, இறங்க மனமில்லாததுபோல மெல்ல இறங்கியது. ஊதியவர் இளைஞர். உடையவில்லை. எதிரே டீக்கடையில் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். யாரும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எடைக்கு வாங்கிய பியூகிளின் நசுங்கலைப் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவர் ஒருவர், உள்ளே உருண்டைக் குண்டு விட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்தார். மவுத்பீஸ் வாங்கினேன். கொள்ளிடக் கரையில் காலையில் போய் ஊதுகிறேன்; வீட்டில் ஊதினால் அக்கம்பக்கம் பொறுக்காது. பக்கத்து வீட்டுப் பெண், எட்டாம் வகுப்பு, கூடவே வந்தாள். பாட்டு கற்கிறவள். ஒரு வாரத்தில் கீழ் ச வந்தது, ப வந்தது, மேல் ச வும் வந்தது. காந்தாரம் மட்டும் நிற்கவில்லை.

"க வுல நிக்கவே மாட்டேங்கறது மாமா. தாண்டி ப வுக்குப் போயிடறது."

உதட்டை இறுக்காதே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்கள் பாட்டு டீச்சர் வீட்டில் தம்புரா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். நாளைக்குப் பாட வேண்டாம், தந்தியைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வா என்றேன்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். ஒன்றும் சொல்லாமல் பியூகிளை வாங்கி, ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதல் தடவை தாண்டிப் போயிற்று. இரண்டாம் தடவை உடைந்தது. மூன்றாம் தடவை காந்தாரம் நின்றது. அவள் மூச்சு முடிகிற வரைக்கும் நின்றது.